ஒரே உலை, இரண்டு தட்டு

வாசகர் கேள்வி – பதில்

நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் மலையிலிருந்தும் வந்த கடிதங்களில், கணவன் மனைவி சாப்பாட்டைப் பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்திருக்கிறோம். பதில் சொல்பவர்கள் ஓர் உணவியல் நிபுணரும் ஒரு பொது மருத்துவரும்.

கல்யாணமாகி 22 வருஷம். வந்த புதிதில் எனக்கு டீ பிடிக்காது, அவருக்கு ரசம் ஆகாது. இப்போது இருவருக்கும் ஒரே நாக்கு என்று பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். போன மாதம் அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. டாக்டர் "நீங்களும் பார்த்துவிடுங்கள்" என்கிறார். நாங்கள் சொந்தத்தில்கூடக் கட்டவில்லை. ரத்த சம்பந்தமே இல்லாத எனக்கு எதற்கு டெஸ்ட்?
– வாசகி, குன்னூர்

டாக்டர் சொன்னபடி செய்யுங்கள். சர்க்கரை நோய் யாரிடமிருந்தும் யாருக்கும் ஒட்டாது. ஆனால் பழக்கம் ஒட்டும். பல நாடுகளின் ஆய்வுகளைக் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தார் 2014இல் தொகுத்துப் பார்த்தார்கள். கணவன், மனைவி இருவரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் மற்றவருக்கும் இருக்கும் வாய்ப்பு 26 சதவீதம் கூடுதல் என்று தெரிந்தது. உடல் எடை விஷயத்திலும் இப்படித்தான். அமெரிக்காவில் ஃப்ரேமிங்காம் ஊர்க்காரர்களை 1971 முதல் 2003 வரை கவனித்த பதிவுகளின்படி, தம்பதியில் ஒருவர் பருமனானால் மற்றவரும் பருமனாகும் வாய்ப்பு 37 சதவீதம் அதிகம். ரத்த சம்பந்தம் இல்லாத இரண்டு பேருக்கு நடுவில் இது நடக்கிறது என்றால், காரணத்தைச் சமையலறையில்தான் தேட வேண்டும்.

ருசி ஒன்றாவதற்கு மூன்று வழி உண்டு. முதலாவது, நம் ஊரில் பெண் பார்ப்பதே ஒரே சாதி, ஒரே வட்டாரம், ஒரே மாதிரிச் சாப்பாடு என்று பார்த்துத்தான். பாதி ஒற்றுமை தாலி கட்டும் முன்பே வந்துவிடுகிறது. இரண்டாவது, வாங்குகிற பை ஒன்று. வீட்டுக்குள் வராத பொருளை யாரும் சாப்பிட முடியாது. மூன்றாவது, பார்த்துச் சாப்பிடுவது. ஒருவர் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டால் எதிரில் இருப்பவர் கையும் தானாக நீளும். நீங்கள் டீ குடிக்கப் பழகியது இந்த மூன்றாம் வழியில்தான்.

அந்த டீயையே கணக்குப் பார்ப்போம். மலைக் குளிருக்கு ஒரு நாளைக்கு ஐந்து டீ சாதாரணம். டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஸ்பூனுக்கு 5 கிராம் என்றால் மொத்தம் 50 கிராம். 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு, வெளியிலிருந்து சேர்க்கும் இனிப்பு எல்லாம் சேர்ந்தே 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வர்க்கி, பிஸ்கட், பாயசம் எதையும் தொடாமலே உங்கள் கணக்கு தீர்ந்துவிட்டது. வெல்லத்துக்கும் கருப்பட்டிக்கும் மாறினாலும் இதே கணக்குதான்.

"அவருக்குச் சர்க்கரை இல்லாமல், எனக்குச் சர்க்கரை போட்டு" என்று இரண்டு டீ போடும் வீடுகளில் ஏற்பாடு நிலைப்பதில்லை. மனைவி டம்ளரிலிருந்து ஒரு வாய், விருந்தாளி வந்தால் ஒரு டம்ளர் என்று பழையபடி ஆகிவிடும். பாத்திரத்தில் சர்க்கரை போட்டுக் கொதிக்க வைப்பதை முதலில் நிறுத்துங்கள். டம்ளரில் தனியாகப் போட்டு, பதினைந்து நாளுக்கு அரை ஸ்பூன் வீதம் இருவருமே குறையுங்கள். இரண்டு மாதத்தில் இனிப்பில்லாத டீ பழகிவிடும். டஸ்ட் தூளை நெடுநேரம் கொதிக்கவிட்டால் துவர்ப்பு ஏறும். அதை மறைக்கத்தான் அவ்வளவு சர்க்கரை தேவைப்படுகிறது. இலைத் தூளாக வாங்கி, ஒரு கப்புக்கு 2 கிராம் போட்டு, அடுப்பை அணைத்து மூன்று நிமிடம் மூடி வைத்து வடிகட்டிப் பாருங்கள். நல்ல தேயிலை விளைகிற ஊரில் இருந்துகொண்டு தூசியைக் கொதிக்க வைத்துக் குடிப்பது நம் மலைக்காரர்களுக்கே உரிய வினோதம்.

டெஸ்ட்டுக்கு, வெறும் வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி-யும் போதும். 30 வயது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்ப்பார்கள். ஒன்று மட்டும் கவனம்: அவர் மாத்திரையோ ஊசியோ எடுக்கத் தொடங்கிவிட்டார் என்றால், டாக்டரிடம் கேட்காமல் சோற்றைத் திடீரென்று பாதியாக்காதீர்கள். சர்க்கரை மிகவும் இறங்கி மயக்கம் வரக்கூடும்.

ரொம்ப வருஷம் சேர்ந்து சாப்பிட்டால் முகமும் ஒன்றுபோல ஆகிவிடுமாமே?
– வாசகர், பெருமாள்மலை

1987இல் அமெரிக்காவில் 12 தம்பதிகளின் கல்யாணப் படத்தையும் 25 வருடம் கழித்து எடுத்த படத்தையும் ஒப்பிட்டு அப்படிச் சொன்னார்கள். 2020இல் ஸ்டான்ஃபோர்டில் 517 தம்பதிகளை வைத்துப் பார்த்தபோது முகம் நெருங்கி வருவதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. தொடக்கத்திலேயே சற்று ஒத்த முகக்காரர்கள்தான் சேர்ந்திருந்தார்கள். ஒன்றாகிற இடம் இடுப்புச் சுற்றளவுதான்.

நான் கோத்தகிரி. மனைவி நாகப்பட்டினம். கல்யாணமாகி எட்டு மாதம். எனக்கு ராகிக் களியும் அவரையும் வேண்டும். அவருக்கு இட்லியும் மீன் குழம்பும். அவர் வைக்கும் பருப்பு கரையாமல் நிற்கிறது, மாவு பொங்குவதில்லை. "இந்த ஊர் அடுப்பே சரியில்லை" என்கிறார். அம்மாவோ "கைப்பக்குவம் போதாது" என்கிறார். ருசி ஒத்துப்போக எத்தனை காலம் ஆகும்?
– வாசகர், கோத்தகிரி

அடுப்பையும் குறை சொல்ல வேண்டாம், கைப்பக்குவத்தையும் குறை சொல்ல வேண்டாம். உங்கள் ஊர் உயரம்தான் காரணம். நாகப்பட்டினத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். சுமார் 1800 மீட்டரில் இருக்கும் கோத்தகிரியில் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும்; ஊட்டியில் 93கூட எட்டாது. தீயை எவ்வளவு தூண்டினாலும் அதற்கு மேல் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும். குக்கருக்குள்ளும் சமவெளியைவிட மூன்று நான்கு டிகிரி குறைவுதான்.

அதனால் மனைவியிடம் அவர் பிறந்த வீட்டு விசில் கணக்கை மறந்துவிடச் சொல்லுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து நிமிடம் பாருங்கள். சமவெளியில் 10 நிமிடம் என்றால் கோத்தகிரியில் 12, ஊட்டியில் 13. தக்காளி, புளி, உப்பு மூன்றும் பருப்பு மசிந்த பிறகுதான். புளிப்பு முன்னால் சேர்ந்தால் பருப்பு விறைத்துக்கொள்ளும். வருடக்கணக்கில் டப்பாவில் கிடந்த பருப்பு எந்த ஊரிலும் வேகாது.

மாவு பொங்குவதற்கு 28 முதல் 30 டிகிரி சூடு வேண்டும். மலை இரவில் அதற்கு வழியில்லை. இட்லி அரிசி நான்கு பங்கு, உளுந்து ஒரு பங்கு, வெந்தயம் ஒரு டீஸ்பூன் எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வையுங்கள். அரைக்கும்போதும் ஐஸ் போலிருக்கும் குழாய்த் தண்ணீர் வேண்டாம். கையால் நன்றாகக் கலக்கி, பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாமல் மூடி, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிறைந்த பெரிய அண்டாவுக்குள் வைத்துக் கம்பளி சுற்றிவிடுங்கள். தூங்கப் போகும் முன் வெந்நீரை ஒருமுறை மாற்றினால் போதும். 14 முதல் 18 மணி நேரம் பிடிக்கும். உப்பைப் பொங்கிய பிறகு போடுங்கள். அவசரப்பட்டுக் கொதிநீரில் வைத்தால் ஓரத்து மாவு வெந்து, புளிக்க வைக்கும் நுண்ணுயிரும் செத்துப்போகும். இட்லியை ஆவியில் 10 நிமிடத்துக்குப் பதில் 13 நிமிடம் விடுங்கள்.

இனி உங்கள் பங்கு. அவர் களி கிண்டப் பழகுகிறாரோ இல்லையோ, நீங்கள் கிண்டிக் காட்டலாம். ராகி மாவு ஒரு கப், தண்ணீர் இரண்டரை கப். இரண்டு ஸ்பூன் மாவைக் கரைத்துக் கொதிக்கும் தண்ணீரில் ஊற்றி, கூழ் பதம் வந்ததும் மீதி மாவைக் குவியலாகக் கொட்டுங்கள். கிளறாதீர்கள், இங்கேதான் எல்லோரும் அவசரப்பட்டுக் கட்டி தட்ட விடுகிறார்கள். மூடிச் சிறு தீயில் ஏழெட்டு நிமிடம் வெந்த பிறகு, இறக்கி வைத்துக் கட்டையால் ஒரே பக்கமாகக் கிண்டி, மறுபடி மூன்று நிமிடம் மூடுங்கள். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது. தொட்டுக்கொள்ள அவர் ஊர் மீன் குழம்பு. களிக்கு அதைவிடப் பொருத்தம் வேறு ஏது?

சேர்ந்து வாழ்பவர்களின் ருசி பெரும்பாலும் இப்படித்தான் கலக்கிறது. ஒருவருடைய அடிச்சோறு, மற்றவருடைய குழம்பு. முழுத் தட்டையும் ஒரே நாளில் மாற்றச் சொன்னால் சண்டைதான் வரும். பழகாத உணவைச் சிறு அளவில் பத்துப் பன்னிரண்டு தடவையாவது சாப்பிட்ட பிறகுதான் பிடிக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியும். வாரம் ஒருமுறை என்றாலும் மூன்று மாதம் ஆகும்.

அவரையைப் பற்றி எழுதியதால் ஓர் எச்சரிக்கை. ராஜ்மா போன்ற சிவப்பு பீன்ஸ் வகையில் இயற்கையாக ஒரு நச்சுப் புரதம் உண்டு. அது அழிய முழுக் கொதியில் 10 நிமிடமாவது வேக வேண்டும். மலையில் கொதிநிலையே குறைவு என்பதால் திறந்த சட்டியில் அரைவேக்காட்டில் இறக்கினால் சில மணி நேரத்தில் வாந்தி, பேதி. 12 மணி நேரம் ஊற வைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில்தான் வேக வைக்க வேண்டும்.

நான் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். இரண்டு பேரும் ஒரே சாப்பாடு. அவருக்கு ரத்தம் நன்றாக இருக்கிறது, எனக்கு ஹீமோகுளோபின் 10.5 என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஒரே சோறு தின்கிற எங்களுக்குள் எப்படி இந்த வித்தியாசம்?
– வாசகி, குந்தா

உலை ஒன்றாக இருக்கலாம், தேவை ஒன்றல்ல. மாதவிடாயில் போகும் ரத்தத்தை ஈடுகட்ட வேண்டியிருப்பதால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்தும் ஆணுக்கு 19 மில்லிகிராமும் என்று வைத்திருக்கிறது. அதே சோற்றில் அவருக்குப் போதுமானது உங்களுக்குக் குறைவு.

உழைப்பையும் பாருங்கள். உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு 2110 கலோரி போதும். நடுத்தர உழைப்பு உள்ள பெண்ணுக்கு 2130, கடின உழைப்புக்கு 2720. சரிவில் கூடை சுமந்து நாள் முழுக்க நிற்பவர் நீங்கள், வண்டியில் உட்கார்ந்திருப்பவர் அவர். உங்கள் தட்டு அவர் தட்டுக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும். நடப்பில் முட்டையும் கறியும் முதலில் அவருக்கும் பிள்ளைகளுக்கும் போய், அடிச்சட்டிக் குழம்புதான் உங்களுக்கு வருகிறது அல்லவா? "ஒரே சாப்பாடு" என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கு ராத்திரி குழம்பில் கிடந்த துண்டுகள் யார் தட்டில் எத்தனை விழுந்தன என்று எண்ணிப் பாருங்கள். பரிமாறும் முன்பே உங்கள் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிட வேண்டும். வீட்டுக்காரருக்கும் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

அடுத்தது டீ. சாப்பாட்டோடு குடிக்கும் டீ, கீரை, பருப்பு, ராகியில் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைப் பாதிக்கும் மேல் குறைத்துவிடும். பத்து மணி டிபனோடு டீ, மத்தியானச் சோறு முடித்ததும் டீ என்பது தோட்ட வழக்கம். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். மாத்திரையை டீயோடும் பாலோடும் விழுங்காதீர்கள். எலுமிச்சைத் தண்ணீரோடு எடுங்கள். கால்சியம் மாத்திரையும் இருந்தால் அது வேறு வேளைக்கு. மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம். வயிறு புரட்டினால் நிறுத்திவிடாமல், சாப்பிட்ட பிறகோ இரவிலோ போட்டுப் பாருங்கள். உணவில் கொள்ளு (100 கிராமில் 8 மில்லிகிராமுக்கு மேல்), ராகி (நாலரை மில்லிகிராம்), கீரை, கிடைக்கும்போது ஈரல். கூடவே நெல்லிக்காயோ கொய்யாவோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். கர்ப்பிணிகள் மட்டும் ஈரலைத் தவிர்க்கட்டும்.

இன்னொரு செய்தி. பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12, ஆணுக்கு 13 என்ற எல்லை கடல் மட்டத்துக்கு உரியது. உயரத்தில் காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறைவு என்பதால் உடல் கூடுதல் ரத்த அணுக்களை உண்டாக்கும். 2000 மீட்டருக்கு மேல் வசிப்பவர்களுக்கு அந்த எல்லையோடு 1 கிராமுக்கு மேல் கூட்டிப் பார்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் 10.5 மலைக் கணக்கில் இன்னும் குறைவு. உங்கள் வீட்டுக்காரருக்கும் 13.2, 13.5 என்று இருந்தால் "நன்றாக இருக்கிறது" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கணவருக்கு பி.பி. அவருக்கு உப்பில்லாமல் தனிச் சமையல், எனக்கும் மாமியாருக்கும் வழக்கமான சமையல் என்று செய்கிறேன். அலுத்துவிட்டது. அவரும் ஊறுகாயை எடுத்துப் போட்டுக்கொள்கிறார்.
– வாசகி, கொடைக்கானல்

தனிச் சமையலை நிறுத்துங்கள். உங்களுக்கும் மாமியாருக்கும் மட்டும் உப்பு என்ன உறவா? ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது தட்டையாக ஒரு டீஸ்பூன்தான் அளவு. மூன்று பேருக்கு மாதம் 450 கிராம். உங்கள் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் எத்தனை நாளில் தீர்கிறது என்று தேதி எழுதிப் பாருங்கள். மாதத்துக்கு ஒன்று என்றால் ஆளுக்கு 11 கிராம், இரட்டிப்புக்கும் மேல்.

ஒரேயடியாக நிறுத்தினால் சாப்பாடு சப்பென்று இருக்கும், ஊறுகாய் ஜாடி திறக்கும். அவர் செய்வது அதுதான். மாத உப்பைத் தனி டப்பாவில் அளந்து போட்டு, இரண்டு வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு வீதம் குறையுங்கள். நாக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் பழகிக்கொள்ளும். அதன் பிறகு பழைய அளவில் வைத்த குழம்பு கரிக்கும். சோற்றிலும் சப்பாத்தி மாவிலும் உப்பு போடும் வழக்கத்தை முதலில் விடலாம், யாருக்கும் தெரியாது. குழம்புக்குக் கடைசியில் போட்டால் குறைந்த உப்பே நாக்கில் நன்றாகத் தெரியும். குறைகிற ருசிக்கு எலுமிச்சை, மிளகு, உங்கள் ஊர் மலைப்பூண்டு. பூண்டை நசுக்கி, அடுப்பை அணைக்கும்போது போடுங்கள். அப்பளம், கருவாடு, ஊறுகாய் மூன்றையும் ஞாயிறு மட்டும் என்று எல்லோருமே வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எதிரில் இன்னொருவர் அப்பளம் நொறுக்கினால் எந்தப் பத்தியமும் நிற்காது.

கடையில் 'குறைந்த சோடியம் உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகை பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. எந்த உப்பானாலும் அயோடின் கலந்ததாக இருக்கட்டும்.

கோஸ், நூல்கோல், டர்னிப் எல்லாம் அவருக்கு இனிக்கிறதாம், எனக்குக் கசக்கிறது. "மலையில் வாக்கப்பட்டும் நாக்கு வளையவில்லை" என்று கிண்டல்.
– வாசகி, பூம்பாறை

கிண்டலை நிறுத்தச் சொல்லுங்கள். பி.டி.சி. என்ற பொருள் சிலருக்குக் கடுமையாகக் கசப்பதையும் சிலருக்குச் சுவையே தெரியாததையும் 1931இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலர் தற்செயலாகக் கண்டார். பிறவியிலேயே வரும் இந்த வித்தியாசத்துக்குக் காரணமான மரபணுவை 2003இல் அடையாளம் கண்டார்கள். கோஸ் குடும்பத்துக் காய்களில் அதே மாதிரி கசப்புப் பொருள்கள் உண்டு. எத்தனை வருடம் சேர்ந்து சாப்பிட்டாலும் இந்த இடத்தில் இருவர் நாக்கும் ஒன்றாகாது.

சமைக்கும் முறையால் கசப்பைத் தணிக்கலாம். நூல்கோலையும் டர்னிப்பையும் தோலைத் தடிமனாகச் சீவி, சிறு துண்டாக்கி, உப்புப் போட்ட கொதிநீரில் மூடாமல் மூன்று நிமிடம் வேக வைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பிறகு தேங்காய் அரைத்த கூட்டு. கோஸை மெல்லியதாக அரிந்து பெரிய தீயில் மூடாமல் ஐந்தாறு நிமிடம் வதக்கினால் போதும். மூடி வைத்து நெடுநேரம் வேகவிட்டால்தான் அந்தக் கந்தக வாடை கிளம்பும். அப்படியும் பிடிக்கவில்லையா? கேரட், பீன்ஸ், சௌசௌ சாப்பிடுங்கள். ஒரு காயை விட்டதால் எந்தச் சத்தும் போய்விடாது.

தேயிலை ஃபாக்டரியில் இரவு ஷிஃப்ட். நான் சாப்பிடும்போது அவள் தூங்குகிறாள். சேர்ந்து சாப்பிட ஆசை, உடம்புக்கும் கெடுதல் வரக் கூடாது.
– வாசகர், கூடலூர்

வேலைக்குக் கிளம்பும் முன் ஏழு ஏழரைக்கு இருவரும் சேர்ந்து உட்காருங்கள். அதுவே உங்கள் பெரிய சாப்பாடு. நள்ளிரவில் சோறு கட்டிக்கொண்டு போகாதீர்கள். அந்த நேரத்தில் உடல் சர்க்கரையைச் சரியாகக் கையாளாது. அவித்த முட்டை, சுண்டல், ஒரு வாழைப்பழம் போதும். கடைசி டீ அதிகாலை இரண்டு மணிக்குள். காலையில் திரும்பியதும் அவரோடு இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். அவர் உங்களுக்காக இரவு ஒரு மணிக்கு எழுந்து இன்னொரு தடவை சாப்பிட வேண்டியதில்லை.